கன்னத்தில் வைத்துப் பார்க்கிற குவாங் சித்தி

உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கள் குவாங் சித்தியைக் கேட்டுக்கொண்டுதான் மூச்சு விடுகின்றன. சும்மா சொல்லவில்லை. அவள் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் பாங்குகளில் கம்ப்யூட்டர் உருகி ஒழுகும், விமானங்கள் வழி தெரியாமல் வானத்திலேயே வட்டமடிக்கும், சந்திரனுக்கு விட்ட ராக்கெட் பாதி வழியில் திரும்பி வந்து, எங்கள் ஃபாக்டரி இருக்கிற சீனத்துத் தோங்குவான் பஸ் ஸ்டாண்டில் இறங்கும். அவள் சரி என்று சொன்ன தட்டையைவிடத் தட்டையான ஒரு பொருளை வானத்தில் இருக்கிறவரும் செய்ததில்லை. பெருங்கடலையே கொண்டுவந்து அவள் மேசையில் வையுங்கள். கத்தி ஸ்கேலை மேலே நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "நடுவுல தொப்பை போட்டிருக்கு, ரிஜெக்ட்" என்று சிவப்புப் பெட்டியில் தள்ளிவிடுவாள்.

ஆள் என்னவோ என் தோள் உயரம்தான். முழுப் பெயர் குவாங் மெய்ஷியு; சித்தி என்பது நாங்கள் கூப்பிடுகிறது. ஹூனான்காரி. மிளகாய் இல்லாத சோற்றைப் பார்த்தால் யாரோ செத்த வீட்டுச் சோறு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தலையில் நீலத் தொப்பி, கண்ணாடி ஜாடியில் டீ, டீயில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேரீச்சை. எங்கள் செக்கிங் ரூமில் ஜன்னல் ஓர மேசை அவளுடையது. நான் பக்கத்து மேசை.

எங்கள் ஃபாக்டரியில் செய்வது ஹீட் ஸிங்க். கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்களே, அந்தச் சில்லின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகக் கட்டி. மேலே அலுமினியச் செதில்கள், அடியில் செம்புத் தகடு. அந்தச் செம்பு சில்லின்மேல் முழுசாக ஒட்டி உட்கார வேண்டும். குழிந்தாலோ புடைத்தாலோ இடையில் காற்று புகுந்துகொள்ளும்; சூடு மேலே ஏறாது; சில்லு வெந்துபோகும். அதனால் ஒவ்வொரு பீஸையும் கவிழ்த்து, செம்பின்மேல் கத்தி மாதிரி விளிம்புள்ள ஸ்கேலைக் குறுக்கும் மறுக்குமாக நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்புக்கும் செம்புக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் பீஸ் கோணல். தலைமுடியைப் பல பங்காகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு கசிவுதான் வரும். அதைப் பார்க்கிற கண் வேண்டும்.

சித்திக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ராக்கிலிருந்து பீஸை எடுத்ததும் முதலில் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம். பிறகுதான் மேசைக்குக் கொண்டுபோவாள். பிள்ளை கொஞ்சுகிறாள் என்று ரூமே சிரிக்கும்.

"சித்தி, இந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"

"உன் பேருதான். குரங்கு."

கத்தி ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள்.

"அதான் ரிஜெக்ட் ஆகுது."

குரங்கு என்பது என் பட்டப்பெயர். குவாங்ஷி மலைப்பக்கத்து ஆள் நான். படிப்பு பாதியில் நின்றது, கணக்கு வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவிய விவகாரத்தில். வாத்தியார் எழுந்துவிட்டார், கால்சட்டை எழவில்லை. இங்கே எனக்குப் பிசிர் எடுக்கிற வேலை. மிஷினில் அடிப்பக்கம் சீவி வருகிற பீஸ்களின் ஓரத்தில் முள் மாதிரி நிற்கிற பிசிரைச் சுரண்டி, ராக்கில் அடுக்க வேண்டும். அவை ராக்கில் ஆறின பிறகு சித்தி எடுத்துக்கொள்வாள். சேர்ந்த வாரமே அலுமினியச் செதில் என் வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, ரயில் தண்டவாளம் மாதிரி.

எங்களுக்கு ரப்பர் விரலுறை கொடுப்பார்கள். நான் அவற்றை ஊதி, மூக்கும் மீசையும் வரைந்து, சூப்பர்வைசர் சூய் அண்ணனின் முதுகில் ஒட்டி அனுப்புவேன். சித்தி மட்டும் விடமாட்டாள்.

"டேய், விரலுறையை விரல்ல போடு. வெறுங்கையால செம்பைத் தொட்டா அது மறக்காது. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நாலு நாள் போனா உன் விரல் ரேகை அதுல பழுப்பா எழும்பி நிக்கும்."

"நிக்கட்டுமே சித்தி. அமெரிக்காவுல எவனாவது பெட்டியைப் பிரிச்சுப் பார்த்து, 'ஆகா, இது குரங்கு தொட்டது'ன்னு கும்பிடுவான்."

"கும்பிட மாட்டான். துடைச்சுட்டுத் திட்டுவான்."

ஹீட் ஸிங்கின் அடியில் தடவுகிற வெள்ளைப் பேஸ்ட் ஒன்று உண்டு. தொட்டால் லேசில் போகாது. அதை டெலிபோன் ரிசீவரில் தடவி வைப்பது எங்கள் ஃபாக்டரியின் பழைய விளையாட்டு. நான் வருவதற்கு முன்பே இருந்தது. நான் வந்து அதைச் செழிக்க வைத்தேன். ஒரு நாள் எங்கள் ரூம் சுவரில் தொங்குகிற போனுக்கும் தடவினேன். மணி அடித்தது. எப்போதும் நிதானமாக நடக்கிற சித்தி, கையிலிருந்த பீஸை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். நாற்காலி கவிழ்ந்தது.

"ஹலோ? யாரு? ஹைதாவா?"

பாக்கிங்கிலிருந்து யாரோ அட்டைப்பெட்டி வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். சித்தி பதில் சொல்லி ரிசீவரை மெதுவாக மாட்டினாள். காது முழுக்க வெள்ளை. நீலத் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். யார் என்று அவளுக்குத் தெரியும். கீழே விழுந்த பீஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயந்திரம் சூய் அண்ணன் என் காதைப் பிடித்து வெளியே இழுத்துப்போனான். ஷான்தோங் ஆள், கதவில் குனிந்துதான் நுழைவான்.

"எல்லா போன்லயும் தடவுடா. என் காதுல தடவு, என் பல்லுல தடவு. அந்த போனைத் தொட்டியோ, உன்னைச் செதிலாச் சீவிடுவேன்."

"ஏன் அண்ணே?"

அவன்தான் சொன்னான். சித்திக்கு ஒரே பையன், ஹைதாவ். கைக்குழந்தையாக விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள். பையன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தான். மூன்று வருஷத்துக்கு முன் படிப்பை விட்டுவிட்டு, நானும் வேலை செய்கிறேன் என்று இங்கே வந்து நின்றான். அவள் அவன் உள்ளங்கையில் இந்த செக்கிங் ரூம் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிட்டு, வழி தெரியாமல் போனால் கூப்பிடு என்றாளாம். இரண்டாவது நாளே சண்டை. திரும்பிப் போய்ப் படி என்று இவள், 'பதினாறு வருஷமா இல்லாதவ இப்ப என்ன சொல்றது' என்று அவன். கேன்டீனில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டாள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ஊருக்கும் போகவில்லை.

"இப்பதான் சித்திகிட்ட செல்போன் இருக்கே?"

"அந்த நம்பர் அவனுக்குத் தெரியுமாடா? அவனுக்குத் தெரிஞ்சது இந்தச் சுவர்ல தொங்குறது ஒண்ணுதான்."

வெளி லைன் உள்ள அந்த போனை செக்கிங் ரூம் ஆட்கள்தான் எடுக்கலாம். பாக்கிங் வேறு கட்டிடம். சித்திக்குச் சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று பக்கத்து ஃபாக்டரிக்காரர்கள் கூப்பிட்டும் ஏன் போகவில்லை, ஊரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிற புருஷன் கூப்பிட்டும் ஏன் போகவில்லை என்பதெல்லாம் அப்போது புரிந்தது. அவள் உட்கார்ந்திருந்தது வேலைக்காக இல்லை. போனுக்குப் பக்கத்து நாற்காலிக்காக.

புது வருஷ விடுமுறைக்கு ஃபாக்டரி காலியாகும். ரயிலில் ஜன்னல் வழியாக ஆட்களைத் திணிப்பார்கள். நான் போகவில்லை, என் அம்மா கட்டிக்கொண்ட புது ஆளுக்கும் எனக்கும் ஒரே கூரை சரிப்படாது. சித்தியும் போகவில்லை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி செக்கிங் ரூமில் கரண்ட் அடுப்பை வைத்து, புகைபோட்ட பன்றி இறைச்சியை மிளகாயோடு வதக்கினாள். கருங்கல் சோதனை மேசைதான் எங்கள் சாப்பாட்டு மேசை. தோங்குவானில் பனி பெய்யாது, ஆனால் ஈரக் குளிர் எலும்பில் உட்காரும். மற்ற நாளில் மிஷினிலிருந்து வருகிற சூடான பீஸை இரண்டு கையிலும் பிடித்துக் குளிர்காய்வேன். அன்றைக்கு மிஷின்கூட இல்லை.

"மூக்கு ஒழுகுது, இறைச்சியில விழப்போகுது. துடைடா."

"மிளகாய்தான் சித்தி. நீங்க சமைச்சா தொண்டை வழியாப் போய்க் காது வழியா வருது."

போன் அடித்தது.

சாப்பாட்டுக் குச்சிகள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எடுத்துக் கேட்டாள். முகம் மெல்ல இறங்கியது.

"இல்லீங்க, இது ஹோட்டல் இல்லை. மீன் தலையா? இல்லீங்க, இங்க கிடைக்காது. பரவாயில்ல, பரவாயில்ல. நல்லாச் சாப்பிடுங்க. அம்மா அப்பாவோடதானே இருக்கீங்க? சந்தோஷம்."

அந்தப் பக்கம் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அவன் போன முதல் வருஷம் இதே நாள் போன் பண்ணினான்டா. பேசல. பின்னால பட்டாசுச் சத்தம். நான் ஒரு முட்டாள், 'யாரு, பேசப்போறியா இல்லையா, வைக்கட்டுமா'ன்னு கத்திட்டு வெச்சுட்டேன். வெச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது அது அவன்னு. மூச்சு விட்டான்டா. மூச்சைக் கேட்டா தெரியாதா?"

நான் ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டேன்.

வசந்தம் வந்தது. சித்தியின் டீ ஜாடிக்குப் பின்னால் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டிலும் வந்தது. கேட்டால் தூசி என்றாள். விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். நான் அதையெல்லாம் கவனித்தேனா என்றால், இல்லை. நான் வேறு வேலையில் இருந்தேன். ஒரு பீஸை வேண்டுமென்றே கருங்கல்லில் ஓங்கித் தட்டி, அடிப்பக்கத்தைச் சட்டி மாதிரி ஆக்கி, அவள் ராக்கில் நல்ல பீஸ்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு என் தாத்தாவரைக்கும் திட்டுவாள், ரூமே கேட்கும் என்று காத்திருந்தேன்.

எடுத்தாள். கன்னத்தில் வைத்தாள். கத்தி ஸ்கேலை நிறுத்தினாள். என் மேசையிலிருந்தே எனக்கு அந்த வெளிச்சம் தெரிந்தது, கதவிடுக்கில் தெரிகிற மாதிரி. அவள் தலையைச் சாய்த்தாள், கண்ணைச் சுருக்கினாள். பச்சைப் பெட்டியில் வைத்தாள்.

சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அதைப் பச்சைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் போட்டேன். வயிற்றில் ஜில்லென்று அது உட்கார்ந்திருந்தது, சாயந்திரம் வரைக்கும்.

சூய் அண்ணனுக்குத் தெரிந்தால் அவளைப் பாக்கிங்குக்கு அனுப்புவான். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் சூப்பர்வைசர். பாக்கிங்குக்குப் போனால் போன் போய்விடும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். என் வாழ்க்கையிலேயே யாருக்கும் தெரியாமல் செய்த ஒரே குறும்பு அதுதான். கழித்துப் போட்ட பழைய கத்தி ஸ்கேல் ஒன்று, முனை உடைந்தது, சாமான் அறையில் கிடந்தது. அதையும் ஒரு பாக்கெட் டார்ச்சையும் என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். மிஷினிலிருந்து தட்டு வந்ததும் பிசிர் எடுக்கிற சாக்கில் ஒவ்வொரு பீஸையும் கவிழ்த்து, ஸ்கேலை நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் கசிந்தால் காலுக்கடியில் உள்ள கழிவுப் பெட்டிக்குப் போகும். கசியாததுதான் சித்தியின் ராக்குக்குப் போகும். விரலுறை போட்டால் ஸ்கேல் நிற்பது கைக்குத் தெரியவில்லை, கழற்றி எறிந்தேன். செம்பின் நடுவில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால்தான் பீஸ் ஆடாமல் நிற்கும்.

சித்தியின் ராக்கில் இப்போது எல்லாமே நல்லது. அவள் என்ன பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லாம் பச்சைப் பெட்டிதான். அவள் பார்த்து முடித்ததும் செம்பின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி பாக்கிங்குக்கு அனுப்புவார்கள்.

"இந்த மாசம் மிஷின்காரனுக்குப் புத்தி வந்துருச்சு போல. ரிஜெக்டே இல்ல" என்றாள் ஒரு நாள்.

"கல்யாணம் நிச்சயமாயிருக்கு சித்தி. அதான் நேராச் சீவுறான்."

"உனக்கு எப்ப புத்தி வரும்?"

"எனக்குப் பொண்ணு பாருங்க, வந்துரும்."

எனக்குத் தலை நிமிர்ந்துபோயிருந்தது. கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

மழை தொடங்கின சமயம் அனுப்பின பெட்டிகள் லாரியில் திரும்பி வந்தன. ஒன்று இரண்டு இல்லை, ரூம் வாசல் மறைகிற அளவுக்கு. எல்லாவற்றிலும் எங்கள் ரூம் முத்திரை, சித்தியின் முத்திரை. அடிப்பக்கம் புடைத்திருக்கிறதாம். கஸ்டமர் ஆள் ஒருத்தர் நேரிலேயே வரப்போகிறார் என்றார்கள்.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நான்தானே பார்த்தேன்? மிஷினிலிருந்து ஒரு பீஸை எடுத்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். துளி வெளிச்சம் இல்லை. ஜன்னலில் வைத்துவிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனேன். மழைக்காற்று பட்டு அது ஆறிக் கிடந்தது. திரும்பி வந்து இன்னொரு தரம் ஸ்கேலை வைத்தேன். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம்.

சூட்டில் அலுமினியம் ஒரு அளவுக்கு விரிகிறது, செம்பு இன்னொரு அளவுக்கு. ஆறும்போது இரண்டும் ஒரே மாதிரி சுருங்காமல் ஒன்றை ஒன்று இழுத்து வளைத்துவிடுகின்றன. சூடாக இருக்கும்போது தட்டையாக நிற்கிற பீஸ் ஆறினதும் தொப்பை போடுகிறது. ஆறினால் தட்டையாகியிருக்க வேண்டியதை எல்லாம் நான் கழிவில் போட்டிருந்தேன். புடைக்கப் போகிறதை எல்லாம் பொறுக்கி எடுத்து, வரிசையாக, அழகாக, சித்தியின் ராக்கில் அடுக்கியிருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தது கொஞ்சலுக்கு இல்லை. ஆறிவிட்டதா என்று பார்க்க. கையில் ரப்பர் உறை, கைக்குச் சூடு தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். அவள் கண் மட்டும் தவறவிட்டிருந்தால் தவறு அங்கொன்று இங்கொன்றாகத்தான் போயிருக்கும். நான் உதவி செய்ததால் பெட்டி பெட்டியாகப் போனது.

சித்தி சூய் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அந்த ஆள் வர்றதுக்கு முன்னால திரும்பி வந்ததை நான் ஒரு தரம் பார்க்கணும்."

"பார்த்து என்ன பண்ணப்போற அக்கா? கோணினது கோணினதுதான்."

"அழுக்கோட வெச்சா ஸ்கேல் நிக்காது. துடைச்சாவது வைக்கிறேன்."

கேன்டீன் மேசையிலிருந்து வினிகர் பாட்டிலையும் உப்புக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். நூடுல்ஸ் இல்லாமல் வினிகர் எதற்கு என்று நான் நினைத்தேன். பெட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பீஸிலும் பிளாஸ்டிக் தாளை உரித்து, செம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் உதவிக்கு வருகிறேன் என்று கதவைத் தட்டினேன்.

"நீ உன் வேலையைப் பாரு" என்றாள் உள்ளிருந்து.

கஸ்டமர் ஆள் வந்தார். இளைஞர், இஸ்திரி போட்ட சட்டை. ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. ஒரு பீஸை எடுத்துக் கருங்கல் மேசையில் செம்பு கீழே இருக்கிற மாதிரி வைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது பம்பரம் மாதிரி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தட்டையான பீஸ் சுற்றாது, பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ரூமில் எல்லாரும் அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூய் அண்ணன் இன்னொரு பீஸைச் சித்தியின் மேசையில் வைத்து, கத்தி ஸ்கேலை அவனே நிறுத்தி, விளக்கைப் பின்னால் தள்ளினான்.

"அக்கா, வெளிச்சம் தெரியுதா?"

நான் அந்த இளைஞருக்குப் பின்னால் நின்றிருந்தேன். சித்தி என்னைப் பார்க்கிற மாதிரி. இரண்டு காதையும் பிடித்து இழுத்துக் காட்டினேன். இரண்டு ஓரத்திலும் தெரிகிறது என்று அர்த்தம். குரங்குச் சேட்டை எதற்காவது உதவட்டும் என்று நன்றாகவே இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது, எனக்குத் தெரியும். 'ரெண்டு ஓரத்துலயும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிஷின்மேல் பழி போகும், நாற்காலி தங்கும்.

சுவரில் இருந்த போனை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"தெரியலப்பா" என்றாள். "ரொம்ப நாளா எனக்கு வெளிச்சம் தெரியல. டாக்டர் கண்ணுல புரைன்னாரு. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

"சூய் அண்ணே" என்றேன். குரல் எலி மாதிரி வந்தது. "அது சித்தி இல்ல, நான்தான் அந்தத் தட்டை எல்லாம்..."

"குரங்கே, பெரியவங்க பேசுற இடத்துல உனக்கு என்ன? தட்டு நிறைஞ்சு கிடக்கு பாரு, எடு" என்றாள் சித்தி. இத்தனை நாளில் அவள் என்னை அப்படி அதட்டியதில்லை. நான் தட்டை எடுத்தேன்.

ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள், சரியானதும் வா என்றான் சூய் அண்ணன். நிஜமாகவே சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். பாக்கிங்கில் போடு, அட்டைப்பெட்டி மடிக்கக் கண் வேண்டாம் என்றாள். இங்கேயே இருந்தால் முற்றம் தாண்டினால் செக்கிங் ரூம். ஊருக்குப் போனால் அதுவும் இல்லை.

அவள் நாற்காலியில் யாரைப் போடுவது என்று தேடி, கண் நன்றாக இருக்கிறது என்று என்னைப் போட்டார்கள். உலகத்தில் இதைவிடப் பெரிய குறும்பை என்னால்கூட யோசித்திருக்க முடியாது.

போகும்போது டீ ஜாடியை எடுத்துக்கொண்டாள். போனுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள்.

"அடிச்சா எடு. பேசலைன்னாலும் வைக்காதே. 'அம்மா இங்கதான் இருக்கா, சாப்பிட்டியா'ன்னு மட்டும் கேளு. அவனா வைக்கிற வரைக்கும் நீ வைக்காதே. என்ன?"

"சரி சித்தி."

"அதுல பேஸ்ட் தடவி வெச்சுராதே."

அதற்கப்புறம் மதியம் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்காருவாள். 'அடிச்சுதா' என்று வாயால் கேட்கமாட்டாள். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் சோற்றில் மிளகாயைக் கொட்டிக்கொள்வாள். நாளுக்கு நாள் மிளகாய் கூடிக்கொண்டே போனது. நான் ஒவ்வொரு பீஸையும் கன்னத்தில் வைத்து, ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்கேலை நிறுத்தினேன். போன் அடிக்கும். அட்டைப்பெட்டி வந்ததா என்பார்கள்.

ஒரு நாள் பெருமழை. முற்றத்தைத் தாண்டி வருவதற்குள் முழுக்க நனைந்து, முடி நெற்றியில் ஒட்ட, என் எதிரில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். என் தலை ஆடவில்லை. வாய் திறந்துகொண்டது.

"அடிச்சுது சித்தி."

குச்சிகள் நின்றன.

"காலையில. முதல்ல பேசல. நான் வைக்கல. நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன், அம்மா இங்கதான் இருக்கா, சாப்பிட்டியான்னு."

"ம்."

"'சாப்பிட்டேன்'னான்."

"பின்னால என்ன சத்தம் கேட்டுச்சு?"

"பட்டாசு."

"இந்த மழையிலயா?"

"கல்யாண வீடா இருக்கும் சித்தி. உள்ள வெடிச்சிருப்பாங்க. மறுபடி பண்றேன்னான். நல்லா இருக்கேன்னு சொல்லுன்னான். குரல்கூட நல்லாத்தான் இருந்துச்சு. குண்டாயிருப்பான்னு நினைக்கிறேன்."

நிறுத்த வேண்டிய இடம் எது என்று எனக்கு எந்தக் குறும்பிலும் தெரிந்ததில்லை. சித்தி ஒரு வாய் சோறு எடுத்து மென்றாள். இன்னொரு வாய். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசைமேல் அவள் நீலத் தொப்பியை வைத்தாள். அதற்குள் எதையோ சுற்றி வைத்திருந்தாள். பிரித்தாள்.

ஒரு பீஸ். செம்பு மேலே பார்க்கிற மாதிரி. நடுவில், பிசிர் எடுக்கிறவன் தொடவே வேண்டாத இடத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே ரயில் தண்டவாளம்.

"திரும்பி வந்த எல்லாத்துலயும் இது நின்னுச்சு" என்றாள். "வினிகர் போட்டுத் தேய்ச்சு என் கை வெந்துபோச்சு. இது ஒண்ணை மட்டும் துடைக்கல. ஏன்டா, இதுகூடத் தெரியாத அளவுக்கு நான் குருடாயிட்டேன்னு நினைச்சியா?"

சித்தி பீஸை எடுத்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, செம்புப் பக்கத்தை என் கன்னத்தில் வைத்தாள். மழையில் நனைந்து வந்த பீஸ். ஜில்லென்றிருந்தது. எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பீஸ் நல்லா ஆறியிருக்கு" என்றாள். "உன் கன்னம்தான்டா சுடுது. இப்ப சொல்லு, அடிச்சுதா?"